எங்கள் வாசலில் விழுந்த கறுப்புப் புள்ளி

ஊசிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
2024 மே 19

அன்புள்ள மகள் சுலக்ஷனாவுக்கு அப்பா மாயாண்டி சொல்லி எழுதுவது.

நம் லயத்துக்குக் கரண்டு வந்தது எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு நம்பரில் சொல்ல வராது. கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த வருஷம். பழைய பெரிய துரை நாய்களையும் பியானோவையும் லொறியில் ஏற்றிக்கொண்டு பங்களாவைக் காலி செய்தது அந்த வருஷம்தான். ஃபெக்டரியில் இரண்டாவது ரோலர் உடைந்து, கொழுந்து குவியல் குவியலாகக் கிடந்து நாறியதும் அப்போதுதான். மேல்மலையில் சிறுத்தை குட்டி போட்டிருக்கிறது, அங்கே ஏறமாட்டோம் என்று பெண்கள் பேர் போடுகிற காலைப் பெரட்டில் அடம் பிடித்து நிற்க, கங்காணி "அப்ப சிறுத்தைக்கும் சேத்து பேரு போட்டுடவா?" என்று கேட்டானே, அந்த வருஷம். சித்திரையில் கரண்டு வந்தது. ஐப்பசி மழையில் உன் அம்மா மீனம்மா போனாள். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். இனி வருஷத்தை நீயே எடுத்துக்கொள்.

போனில் பேசுங்கள் என்கிறாய். ரோலர் சத்தம் தின்றுபோட்ட காது இது. நீ பேசினால் எங்கோ பீலியில் தண்ணீர் விழுகிற மாதிரிதான் கேட்கிறது. கடிதம்தான் நல்லது. சரிபுதீன் நானா கடையில் அவர் மனைவி ஜிப்ரியா உன் கடிதத்தை என் காதடியில் கத்தி வாசிக்கிறாள். நான் சொல்வதைத் திருத்தி எழுதுகிறாள். "ஐயா, நீங்க பேசுற மாதிரியே எழுதினா கெம்பஸ் புள்ள சிரிக்கும்" என்கிறாள். கடையில் தேத்தண்ணி குடிக்க வருகிற அத்தனை பேருக்கும் உன் சங்கதி தெரியும். போன தடவை சளி பிடித்திருக்கிறது என்று எழுதினாய். மறுநாள் பஸ் கண்டக்டர் கொத்தமல்லி கொண்டுவந்து தருகிறான்.

கரண்டு வந்த கதையையும் கேட்டிருக்கிறாய். ஃபெக்டரி எஞ்சின் காம்பராவில் வேலை என்பதால் எனக்கு மட்டும் தோட்டம் சம்மதக் கடிதம் கொடுத்தது. மற்ற வாசல்களுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு என்பது வரவே இல்லை. வீடுகள் ஒட்டி நிற்கிற லயத்துக்கு ஒரே கூரைதானே. நம் லயத்துச் சின்னத்தம்பி கூரைக்குள் படுத்து ஊர்ந்து, என் மீட்டரிலிருந்து கடைசித் தொங்கல் வீடு வரைக்கும் பத்து வீட்டுக்கும் வயர் இழுத்தான். முதல் பல்ப் நம் காம்பராவில். நீ நாகலெட்சுமி அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். ஸ்விட்சைப் போட்டதும் முழித்து, விடிந்துவிட்டது என்று நினைத்து, "என் வெள்ளைச் சட்டை எங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று அழுதாய். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூவின.

புகையை எடை போடுகிற வேலை என்று எழுதியிருக்கிறாய். கொழுந்தை எடை போடும்போதே கழிவு, ஈரம் என்று தின்றவர்களைப் பார்த்தவன் நான். புகையை எந்தத் தராசில் வைக்கிறீர்கள் என்று விவரமாக எழுது.

அத்தை கேட்கச் சொன்னது: "அந்தப் புள்ள சோறு திங்குதா, இல்ல படம் மட்டும் கீறிக்கிட்டு கெடக்குதா?"

அப்பா


கண்டி
2024 ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அது 2005. உங்கள் கடலையும் சிறுத்தையையும் வைத்து என் மேசையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டோம்.

அத்தையிடம் சொல்லுங்கள், சோறு தின்கிறேன். போர்டிங்கில் பருப்பு தண்ணீராக இருக்கிறது, அவ்வளவுதான்.

தராசு எதுவும் இல்லை அப்பா. பல்ப் எரிகிற இடத்தில் புகை வருவதில்லை. ஆனால் கரண்டில் ஒரு பங்கு நம் மலைத் தண்ணீரில் எடுப்பது, ஒரு பங்கு கடற்கரையில் நிலக்கரி எரித்து எடுப்பது, இன்னொரு பங்கு எண்ணெயில். ஆகவே ஒரு வீட்டில் எவ்வளவு கரண்டு செலவாகிறது என்று தெரிந்தால், அந்த வீட்டுக்காக எங்கோ எவ்வளவு கரிப்புகை மேலே போனது என்று கணக்கிட்டுவிடலாம். நுவரெலியா நகரத்தையும் அதை ஒட்டிய தோட்டங்களையும் அப்படிக் கணக்கிட்டு ஒரே படமாக வரைகிறோம். குறைவாக எரிக்கும் வீடு வெள்ளை. கூடக்கூட சாம்பல் நிறம். மிக அதிகமென்றால் கறுப்பு.

இப்போது ஒன்று சொல்கிறேன், ஜிப்ரியா அக்கா இதைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கட்டும்.

போன வாரம் வீடுகளின் படம் முதன்முதலாகத் திரையில் வந்தது. ஊசிமலைப் பக்கம் முழுக்க வெளுத்துக் கிடக்க, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. பங்களாக்காரர்களைவிடக் கறுப்பு. எங்கள் பேராசிரியர், "யாரோ ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்கிற கனவான்" என்று சிரித்தார். நான் புள்ளியைத் தொட்டுப் பார்த்தேன். மீட்டருக்கு உரியவர் பெயர் வந்தது. உங்கள் பெயர். அது நம் வாசல் அப்பா.

முதலில் நானும் சிரித்தேன். சாப்பிடும்போதுகூட ஒரு பல்பை அணைக்கிற மனிதர் நீங்கள். பிறகு சிரிக்க முடியவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் ஒரு வீடு. ஒரு கூரைக்குள் பத்து வீடு ஒரு வயரில் தொங்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட்டில் நகரத்து மண்டபத்தில் இந்தப் படத்தை ஊருக்குக் காட்டப்போகிறோம். பெயர்கள் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும். அதை அப்படியே விட்டுவிடவா? விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

சுலா


ஊசிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
2024 ஜூன் 30

அன்புள்ள மகள் சுலக்ஷனாவுக்கு,

உன் கடிதத்தை ஜிப்ரியா மெதுவாகத்தான் வாசித்தாள். எனக்குக் கேட்கவில்லை. பிறகு சத்தமாக வாசித்தாள். கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. சரிபுதீன் நானா, "மாயாண்டி, ஒங்க ஊட்டுல ஏசி ஓடுதாமே, சொல்லவே இல்ல" என்றார். ஒருவன் என் தோளைத் தட்டி "பெரிய துரை" என்றான். நான் கடித்துக்கொண்டிருந்த பணிஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதில் தாமதம்.

கறுப்பா, என் வாசலா? நாற்பது வருஷம் எஞ்சின் காம்பராவில் கரியும் எண்ணெயுமாக நின்றவன் நான், அந்தக் கறுப்பைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். குளித்தால் போகிற கறுப்பு அது. பங்களாவில் வாசல் விளக்கு பகலிலும் எரிகிறது. அங்கே சாம்பல், எனக்குக் கறுப்பு என்றால், நான் செத்த பிறகும் அந்தப் படம் இருக்கும் அல்லவா? ஊசிமலையில் ஒருத்தன் ஊரையே புகையாக்கினான் என்று நாளைக்கு ஒரு பிள்ளை பார்த்துப் படிக்கும் அல்லவா?

அந்தக் கறையை எடு. மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல். அது ஒரு வீடு இல்லை, பத்து வீடு என்று சொல். பெயர் பெயராகச் சொல். சும்மா பத்து வீடு என்றால் நம்பமாட்டார்கள். முதல் வாசல் மாயாண்டி, இரண்டாவது நாகலெட்சுமி, மூன்றாவதில் வினோதா குடும்பம் என்று தொங்கல் வீடு வரைக்கும் சொல். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நாகலெட்சுமி வேண்டாம் என்கிறாள். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "வயர் சங்கதி வெளிய போக வேணாம்ணே. கறுப்புன்னா கறுப்பா இருந்துட்டு போவட்டும். படம் தானே, அடிக்கவா போவுது?" என்றாள். அவள் பயந்தவள். புருஷன் கணேசமூர்த்தி இருந்த காலத்திலிருந்தே அவளுக்கு ஆபீஸ்காரர்கள் என்றால் கை நடுங்கும். அவள் பேச்சை நீ கேட்காதே. உன்னை வளர்த்தவள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்க முடியாது.

இவ்வளவு படித்துவிட்டு அப்பன் வாசலில் கறுப்பைப் பூசிக்கொண்டு வராதே.

அப்பா


கண்டி
2024 ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஹோட்டல்காரர்கள், ஆசிரியர்கள், ஆபீஸ்காரர்கள், வயசான சிங்களத் தம்பதி ஒன்று, யாரென்றே தெரியாத சிலர். பெரிய திரையில் நகரத்தைப் போட்டோம். ஏரி, சந்தை, குதிரை மைதானம், பிறகு மலை. நம் புள்ளி வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "அது யாருங்க அந்த மலை மேல இருக்குற மகாராசா?" மண்டபமே சிரித்தது. பேராசிரியர் அடுத்த படத்துக்குப் போகக் கையை எடுத்தார். நான் எழுந்தேன்.

"அது எங்க வீடு" என்றேன். தமிழில் சொன்னேன், சிங்களத்தில் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பத்து வீடு, ஒரு மீட்டர் என்றேன். நீங்கள் சொன்ன மாதிரியே முதல் வாசலிலிருந்து பெயர் பெயராகச் சொன்னேன். நாகலெட்சுமி என்று சொல்லும்போது கொஞ்சம் தடுமாறினேன். பத்தாகப் பிரித்துப் பாருங்கள், இந்த நகரத்திலேயே மிகக் குறைவாக எரிக்கிறவர்கள் இவர்கள்தான் என்றேன். கை தட்டினார்கள் அப்பா. அந்தச் சிங்கள அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் கரண்டு ஆபீஸ்காரர் ஒருவர் வந்து, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "இத்தன வருஷமா இப்பிடியா? பாத்து ஒரு வழி பண்ணுவோம்" என்றார். இனி வாசலுக்கு ஒரு மீட்டர் வரும் என்று நினைக்கிறேன். அத்தையிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வரும்போது அவருக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டுவருகிறேன், கம்பளி, அவருக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறம்.

உங்கள் வாசல் வெள்ளை அப்பா.

சுலா


ஊசிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
2024 செப்டம்பர் 15

மகளுக்கு,

கரண்டு ஆட்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கூரைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நெருப்பு வெச்ச மாதிரி. ஒரு மீட்டர்ல பத்து வீடு இழுக்க சட்டமில்ல. எப்பிடி இத்தன நாள் எரியாம இருந்திச்சு?" என்றார்கள். சின்னத்தம்பி கட்டிய முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை என்று சொன்னேன். கேட்கவில்லை. பிறகு வாசல் வாசலாக நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் வாசல் மாயாண்டி, இரண்டாவது நாகலெட்சுமி. நான் உனக்குச் சொன்ன அதே வரிசையில். வயரை வெட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். என் மீட்டரையும் சீல் வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் போடலாமாம். அதற்குத் தோட்டத்துச் சம்மதம் வேண்டுமாம். தோட்டத்து ஆபீஸில் போய் நின்றேன். பார்க்கலாம் என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

லயத்தில் என்னோடு யாரும் பேசுவதில்லை. பீலியில் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். "மகள மேடையில ஏத்தி கை தட்டு வாங்குனாரு, நம்ம இருட்டுல கெடக்குறோம்" என்று வினோதாவின் அப்பன் சொன்னது செவிட்டுக் காதுக்கும் கேட்டது. நாகலெட்சுமி மட்டும் ரொட்டி சுட்டால் எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். பழைய மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பைத் தேடி எடுத்துத் துடைத்துத் திரி போட்டிருக்கிறாள்.

வெட்ட வழி செய்தவள் நீ, கட்டவும் நீதான் வழி செய்ய வேண்டும். உனக்குத்தான் பெரிய ஆட்களைத் தெரியுமே.

அப்பா


கண்டி
2024 செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்த அன்றே புறப்பட்டு நுவரெலியாவுக்குப் போனேன். கரண்டு ஆபீஸில் தோட்டத்துக் கடிதம் கேட்கிறார்கள். தோட்டத்துத் தலைமை ஆபீஸ் கொழும்பில். அங்கேயும் போய் உட்கார்ந்தேன். பேராசிரியரும் எழுதியிருக்கிறார். எழுதித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் விடமாட்டேன்.

வீட்டுக்கு வர மனசு துடித்தது. வெறும் கையோடு லயத்தில் எப்படி வந்து நிற்பது என்று திரும்பிவிட்டேன்.

பஸ் கண்டக்டரிடம் மூன்று சார்ஜ் லாம்பு கொடுத்து அனுப்புகிறேன். வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும். ஒன்று உங்களுக்கு, ஒன்று கண்டிப்பாக அத்தைக்கு, மற்றது யாருக்குத் தேவையோ அவர்களுக்கு. குப்பி லாம்பு வேண்டாம் அப்பா. அத்தைக்குக் கை நடுக்கம். நைலக்ஸ் சேலை வேறு கட்டுகிறார். கெஞ்சிக் கேட்கிறேன், அவரை அந்த லாம்பைத் தொட விடாதீர்கள்.

சுலா


ஊசிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
2024 அக்டோபர் 20

கண்டிக்கு,

நாகலெட்சுமி செத்துப்போனாள்.

லாம்பு மூன்றும் வந்து சேர்ந்தன. அவளுடையதை அவள் கையில்தான் கொடுத்தேன். அதை வினோதாவுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். அந்தப் பெண் பரீட்சைக்குப் படிக்கிறது. "கெழவிக்கு எதுக்கு வெளிச்சம், பானையும் அடுப்பும் தெரிஞ்சா போதும்" என்று சொன்னாளாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னுடையதைக் கொடுத்திருப்பேன்.

விடிவதற்கு முன்னால், பெரட்டுக்குப் போகிறவர்கள் எழும்புகிற நேரம். குப்பி லாம்பு சாய்ந்திருக்கிறது. நைலக்ஸ் சேலை. கத்தியிருக்கிறாள். பக்கத்து வாசலில் நான். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. தொங்கல் வீட்டுக்காரர்கள்கூட எனக்கு முன்னால் ஓடி வந்து உள்ளே போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். உன்னைத்தான் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

நாளைக்கு எடுக்கிறோம். நீ வர வேண்டாம். ஊர் நடுவில் வாய் திறந்தாய், இங்கே ஒரு உயிர் போனது. உன் முகத்தைப் பார்க்க இந்த லயத்தில் யாருக்கும் மனசில்லை. எனக்கும் இல்லை. எடுப்பதற்கும் வேண்டாம், கருமாதிக்கும் வேண்டாம். இந்தக் கடிதம் தபாலில் வந்தால் தாமதமாகும் என்று கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் வாயாலேயும் சொல்வான்.

மாயாண்டி


கண்டி
2024 நவம்பர் 17

அப்பா,

கண்டக்டர் கடிதத்தைத் தரும்போது பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன். அத்தை போன செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது. மடியில் அத்தையின் ஸ்வெட்டர். அவன் "வாசிச்சுட்டு எறங்குறதா இருந்தா எறங்குங்க அக்கா" என்று மட்டும் சொன்னான். இறங்கவில்லை. இறம்பொடையைத் தாண்டும்போது பனி இறங்கி ஒன்றும் தெரியவில்லை.

சரிபுதீன் நானா கடை வரைக்கும் வந்தேன். ஜிப்ரியா அக்கா உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார், நான்தான் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கடைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் நின்றேன். அங்கிருந்து மயானத்துக்கு ஏறுகிற பாதை தெரியும். தப்புச் சத்தம் முதலில் வந்தது. பிறகு வெள்ளைத் துணி. தேயிலைக்கு நடுவில் நீங்கள் எல்லோருக்கும் பின்னால், தனியாக, கொஞ்சம் தள்ளி நடந்தீர்கள். உங்களோடு யாரும் நடக்கவில்லை. அதைப் பார்த்தபோது ஓடி வந்துவிடலாம் என்று ஒரு கால் எடுத்தேன். வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நின்றுவிட்டேன்.

அம்மா முகம் எனக்குப் போட்டோவில்தான் ஞாபகம். தலையில் எண்ணெய் வைத்த கை என்றால் அது அத்தையுடைய கைதான். அந்தக் கைக்கு ஒரு பிடி மண் போட நான் இல்லை.

நான் பேசியதால்தான் நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கை தட்டியபோது சந்தோஷப்பட்டேன், அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. வேறு யார் மேலும் நான் எதுவும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று. உங்கள் கடிதத்தில் என் பெயர் இல்லை. கண்டிக்கு என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பிழைக்காரி என்று எழுதியிருந்தாலும் என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கும்.

சுலக்ஷனா


கண்டி
2025 பெப்ரவரி 9

அப்பா,

பதில் வரும் என்று எதிர்பார்த்து எழுதவில்லை.

தோட்டம் சம்மதக் கடிதம் கொடுத்து, பத்து வாசலுக்கும் தனித்தனி மீட்டர் வைத்துவிட்டார்கள் என்று ஜிப்ரியா அக்கா சொன்னார். நான்கு மாதம் முன்னால் கொடுத்திருக்கலாம்.

படத்தைத் திரும்ப வரைந்தோம். ஊசிமலையில் இப்போது கறுப்பு இல்லை. பத்துச் சின்னப் புள்ளிகள், எல்லாம் வெள்ளைக்குப் பக்கத்தில். ஒன்று மட்டும் சுத்த வெள்ளை. இரண்டாவது வாசல். என்னோடு வேலை செய்கிற பெண் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்காரர்தான் ஊரிலேயே சிக்கனம்" என்றாள். படத்துக்கு வித்தியாசம் தெரியாது அப்பா. குறைவாக எரிக்கிற வீடும் ஆள் இல்லாத வீடும் அதில் ஒரே நிறம்.

அந்த வேலையிலிருந்து விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஸ்வெட்டர் என்னிடம்தான் இருக்கிறது.

சுலக்ஷனா


ஊசிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
2025 ஏப்ரல் 20

மகளுக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் ஜிப்ரியா எனக்கு வாசித்துக் காட்டினாள். கடையில் இல்லை. ஆட்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வாசித்தாள். விறகுக்குப் பின்னால் நீ நின்றது வந்தபோது அவள் நிறுத்திவிட்டாள். அன்றைக்கு எழுந்து வந்துவிட்டேன். மிச்சத்தைக் கேட்க எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

எனக்கு மறதி இல்லை. அதுதான் இப்போது பெரிய தொந்தரவு. பெரிய துரையின் நாய்களின் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது. அப்படியிருக்க, போன ஆனி மாதம் நான் என்ன சொல்லி எழுத வைத்தேன் என்பது மறந்துபோகுமா? விட்டுவிடவா என்று நீ கேட்டாய். வேண்டாம்ணே என்று அவள் சொன்னாள். சொல், பெயர் பெயராகச் சொல் என்றது நான். அவள் பேச்சைக் கேட்காதே என்றதும் நான். நீ உன் கடிதத்தில் அதை ஒரு வரிகூட எடுத்து எழுதவில்லை. எழுதியிருந்தால் உன் மேல் கோபப்பட்டாவது கொஞ்சம் இலேசாகியிருப்பேன். அதற்கும் நீ இடம் வைக்கவில்லை.

வர வேண்டாம் என்று நான் சொன்னபோது ஜிப்ரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயா, இத எழுத மாட்டேன்" என்றாள். நீ எழுதாவிட்டால் வேறு ஆளிடம் போவேன் என்றேன். அதனால் எழுதினாள். அவளைத் தப்பாக நினைக்காதே.

மீட்டர் வந்துவிட்டது. சுவரில் பத்தும் வரிசையாகப் புதுப் பெட்டிபோல மின்னுகிறது. வினோதா பரீட்சை எழுதிவிட்டாள். அவள் அப்பன் என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டான். வருஷப் பிறப்புக்குப் பலகாரம் கொண்டுவந்து தந்தான். "ஒங்க மக இல்லாட்டி இது வந்திருக்காது மாமா" என்றான். தின்ன முடியவில்லை. கோழிக்குப் போட்டேன்.

வேலையை விடாதே. அந்தப் படத்தில் வெள்ளையாக இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஆள் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறவள் ஒருத்தியாவது அங்கே வேண்டும்.

நாகலெட்சுமி வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. சுவரில் கரி அப்படியே இருக்கிறது, நான் வெள்ளை அடிக்க விடவில்லை. கரண்டு கட்டியிருக்கிறார்கள். பல்பும் மாட்டியிருக்கிறார்கள். ஸ்விட்சை இதுவரை யாரும் தொடவில்லை. எனக்குக் கை போகவில்லை. நீ வந்து போடு. ஸ்வெட்டரைக் கொண்டுவந்து அவள் சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு தடவை போடு. உன் படத்தில் அந்த வாசல் ஒரு நாளாவது வெள்ளையாக இல்லாமல் இருக்கட்டும்.

முதல் பல்ப் எரிந்த அன்றைக்கு நம் காம்பராவில் யார் யார் இருந்தோம் என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா மீனம்மா சுவரில் சாய்ந்து, போர்வைக்குள் இருந்தாள். அவள் அந்த ஐப்பசியில் போனாள். கூரையிலிருந்து தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கிவந்த சின்னத்தம்பி கினிகத்தேனைப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் மண் சரிந்து போனான். கணேசமூர்த்தி கதவோரம் நின்று, "இனிமே திருடன் வந்தா மொகம் தெரியும்டா" என்று சொன்னான். அவன் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், சாக்கைத் தூக்கியபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாகலெட்சுமி நடுவில், சம்மணம் போட்டு, மடியில் பிள்ளையோடு. அவள் போனது உனக்குத் தெரியும். என்னை உயிரோடு இருப்பதாகச் சேர்க்காதே. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கூப்பிட்டது கேட்காத அன்றைக்கே நான் முடிந்துவிட்டேன்.

அந்தப் பல்பைப் பார்த்து விடிந்துவிட்டது என்று நம்பி, வெள்ளைச் சட்டை கேட்டு அழுத பிள்ளை ஒன்று இருந்தது. அது மட்டும்தான் மிச்சம். ஜிப்ரியாவிடம் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சுலக்ஷனா.